எந்த ஒலி வீட்டுக்குள் வரும்?

அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலி நிறுவனத்தில் பணியாற்றிய ஹாவர்ட் சின், பிலிப் ஐசன்பர்க் ஆகிய இருவரும் 1945-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரே இசையை நேயர்களுக்கு மூன்று விதமாக ஒலிக்கவிட்டிருந்தார்கள். ஒன்றில் மிகத் தாழ்ந்த ஒலிகளும் உச்ச ஒலிகளும் வெட்டப்பட்டிருந்தன. இன்னொன்றில் அவை ஓரளவு இருந்தன. மூன்றாவதில் முழு வீச்சும் இருந்தது. நேயர்களில் பெரும்பாலோருக்கு முழு வீச்சு பிடிக்கவில்லை. வெட்டுப்பட்ட ஒலியே இதமாக இருக்கிறது என்றார்கள். எட்வின் ஆம்ஸ்ட்ராங்கின் எஃப்.எம். ஒலிபரப்பு, இரைச்சலில்லாத விரிந்த ஒலியைத் தருவேன் என்று வாசலில் காத்து நின்ற காலம் அது. சாதாரண மனிதருக்கு நல்ல ஒலி தேவையில்லை என்று வாதிட நினைத்தவர்களுக்கு இந்தச் சோதனை வலுவான சான்றாயிற்று.

ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹாரி ஆல்சன் அதை அப்படியே ஏற்கவில்லை. 1947-இல் அவர் ஒலிபெருக்கியையே நடுவிலிருந்து எடுத்துவிட்டார். ஒரு சிறிய இசைக்குழுவை அறைக்குள் உட்காரவைத்து, குழுவுக்கும் கேட்பவர்களுக்கும் இடையே திறந்து மூடக்கூடிய தடுப்புகளை நிறுத்தினார். மூடினால் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் தடைபடும். திறந்தால் எல்லாம் வரும். தடுப்பு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது தெரியாதபடி ஒரு திரை மறைத்தது. இம்முறை பெரும்பாலோர் முழு வீச்சையே தேர்ந்தார்கள்.

இரண்டு சோதனைகளும் உண்மையையே சொல்கின்றன. அன்றைய ஒலிபெருக்கிகளிலும் பெருக்கிகளிலும் பிறந்த கரகரப்பும் திரிபும் உச்ச ஒலிகளில்தான் அதிகம் வெளிப்பட்டன. உச்ச ஒலியை வெட்டினால் அவையும் மறைந்துவிடும். அந்த நேயர்கள் மறுத்தது இசையை என்று சொல்ல முடியாது. இசையோடு ஒட்டிக்கொண்டு வந்த இம்சையைத்தான் மறுத்தார்கள். அவர்கள் காதில் பழுதில்லை.

இந்த இரண்டு சோதனைகளையும் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒலிக்கருவிகளின் வரலாற்றில் ஒரு நல்ல தொழில்நுட்பம் தோற்றுப்போகும் ஒவ்வொரு முறையும், மக்களுக்கு ரசனை இல்லை, மலிவானதும் வசதியானதும் போதும் என்று இருந்துவிடுகிறார்கள் என்ற புகார் எழுகிறது. இந்தப் புகார் தவறானது, கேட்பவரை அவமதிப்பது என்பது என் கருத்து. புதிய கருவி ஒவ்வொன்றும் வீட்டுக்காரரிடம் ஏதோ ஒன்றைக் கேட்கிறது. பணம், இடம், இதுவரை சேர்த்ததைக் கைவிடுதல், புதிதாகக் கற்றுக்கொள்ளும் சிரமம் என்று அது பலவாக இருக்கலாம். பதிலுக்கு என்ன தருகிறது என்பதை அவர் தன் அறையில், தனக்குக் கிடைக்கும் பொழுதில், தன்னிடம் இருக்கும் பாட்டுகளோடு சேர்த்து எடைபோடுகிறார். பொறியாளர் ஆய்வகத்தில் எடைபோடுகிறார். அங்கே ஒலித்தரம் ஒன்றுதான் தட்டில் இருக்கிறது.

இந்த வேறுபாட்டை முதலில் அனுபவித்தவர் தாமஸ் எடிசன். ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்கும் ஃபோனோகிராஃபை 1877-இல் செய்தவரே பிற்காலத்தில் இசைத்தட்டுச் சந்தையில் பின்தங்கினார். 1912-இல் அவர் கொண்டுவந்த ‘டைமண்ட் டிஸ்க்’ அன்றைய தட்டுகளிலேயே மிகச் சிறந்த ஒலியைத் தந்தது என்பதைப் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். வைர முள், கனத்த தட்டு, மேலும் கீழுமாக அசையும் பள்ளம். அரங்கில் விளக்கை அணைத்துவிட்டு, மேடையில் பாடகர் பாடுகிறாரா தட்டு பாடுகிறதா என்று கூட்டத்தையே ஊகிக்கவைக்கும் விளம்பர நிகழ்ச்சிகளை ஊர் ஊராக நடத்தினார்கள். ஆனால் அந்தத் தட்டை மற்ற நிறுவனங்களின் சாதாரணக் கருவிகளில் போட முடியாது. மற்றவர்களின் தட்டை எடிசன் கருவியில் போடுவதற்குத் தனி இணைப்பு வேண்டும். பாடகர்களைத் தன் விருப்பப்படி அவரே தேர்ந்தார். தொடக்ககாலத் தட்டுகளில் பாடியவரின் பெயரைக்கூட அச்சிடவில்லை. போட்டியாளரான விக்டர் நிறுவனமோ என்ரிக்கோ கரூஸோவின் குரலையும் பெயரையும் சேர்த்தே விற்றது. வீட்டின் முன்னறையில் மரச்சாமான்களோடு ஒன்றாக நிற்கும்படி, புனலை உள்ளே மறைத்து ‘விக்ட்ரோலா’ பெட்டியைச் செய்தது. மக்கள் கரூஸோவை வாங்கினார்கள். எடிசன் நிறுவனம் 1929-இல் இசைத்தட்டுத் தொழிலை விட்டு விலகியது.

எடிசனின் தோல்வியில் இருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். கேட்பவருக்கு வேண்டியது பாட்டு. அந்தப் பாட்டு இல்லாத கருவியின் தரத்தை அவர் ஆராய்ந்து பார்க்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

தரம் கூடிய கருவிகளை மக்கள் ஏற்றதே இல்லையா என்றால், ஏற்றிருக்கிறார்கள். 1948-இல் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்த எல்.பி. தட்டு அதற்குச் சான்று. பழைய 78 வேகத் தட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கைந்து நிமிடங்கள்தான். எல்.பி.யில் இருபது நிமிடங்களுக்கு மேல் கிடைத்தது. சிம்பொனி கேட்பவர் அதுவரை ஒரே படைப்புக்காகத் திரும்பத் திரும்ப எழுந்துபோய்த் தட்டை மாற்ற வேண்டியிருந்தது. இரைச்சல் குறைந்தது உண்மை; ஒலி தெளிந்ததும் உண்மை. இவற்றோடு அந்த அலைச்சலும் ஒழிந்தது. அடுத்து 1957–58-இல் ஸ்டீரியோ தட்டு வந்தபோது அமெரிக்கத் தட்டு நிறுவனங்கள் ஒரே முறைக்கு உடன்பட்டன. ஒரு பள்ளத்தின் இரு சுவர்களில் இரு தடங்களைப் பதியும் முறை அது. ஒருவர் தன் பழைய மோனோ தட்டுகளைப் புதிய கருவியிலும் போட்டுக் கேட்கலாம். இரண்டு ஒலிபெருக்கிகளையும் ஒரே மரப்பெட்டிக்குள் அடக்கி விற்கவும் முடிந்தது.

இந்த வெற்றி தந்த துணிச்சலில், இரண்டு தடம் நன்றென்றால் நான்கு தடம் இன்னும் நன்றல்லவா என்று கணக்குப் போட்டார்கள். 1970-களின் தொடக்கத்தில் வந்த ‘குவாட்ரபோனிக்’ ஒலி அந்தக் கணக்கின் விளைவு. இதில் சி.பி.எஸ். ஒரு முறையைக் கொண்டுவந்தது, சான்சூயி இன்னொன்றை, ஜே.வி.சி.யும் ஆர்.சி.ஏ.வும் மூன்றாவதை. ஒன்றுக்கென்று அச்சிட்ட தட்டு மற்றொன்றில் நான்கு தடமாக ஒழுங்காகப் பிரியாது. ஜே.வி.சி. முறையில் பின்பக்கத் தடங்களுக்கான செய்தி மனிதக் காதுக்கு எட்டாத 30 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றின்மேல் ஏற்றப்பட்டிருந்தது; அதைப் படிக்கத் தனி வடிவிலான முள் வேண்டும்; சாதாரண முள் ஓடிய தட்டில் அந்த நுண்ணிய தடம் தேய்ந்துபோகும். கடைக்காரர் ஒரே பாட்டைப் பல வடிவங்களில் அடுக்கிவைக்க வேண்டும். வாங்குபவர் நான்கு ஒலிபெருக்கிகளை நான்கு மூலையில் வைத்து, நடுவில் நாற்காலி போட்டு, அங்கிருந்து அசையாமல் உட்கார வேண்டும். எந்தக் குடும்பத்தில் ஓர் அறையின் நடுப்பகுதி ஒருவருக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது? பத்தாண்டு முடிவதற்குள் குவாட்ரபோனிக் மறைந்தது.

சுற்றொலி என்ற எண்ணத்தையே மக்கள் வெறுத்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 1990-களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டுத் திரையரங்கச் சுவரொட்டிகளில் ‘டி.டி.எஸ்.’ என்ற எழுத்துகள் எவ்வளவு பெரிதாக அச்சிடப்பட்டன என்பது அக்காலத்தில் படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த எழுத்துகளுக்காகவே தொலைவிலிருக்கும் திரையரங்கைத் தேடிப் போனவர்கள் இருந்தார்கள். திரையரங்கில் ஒலிபெருக்கியை மாட்டுவதும் வயர் இழுப்பதும் சரிபார்ப்பதும் வேறொருவர் வேலை. சீட்டு வாங்கியவர் உட்கார்ந்தால் போதும். அதே ஒலி வீட்டுக்கு வர நினைத்தபோது அத்தனை வேலையும் வீட்டுக்காரர் தலையில் ஏறியது.

இந்த வரலாற்றில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய பொருள் கேசட். பிலிப்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் லூ ஓட்டன்ஸ் தலைமையிலான குழு பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில் இதை உருவாக்கியது. தன் சட்டைப்பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கி வைத்துக்கொண்டு, கருவி இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று ஓட்டன்ஸ் வரம்பு கட்டினார். அளவு முதலில் முடிவானது. ஒலி அதற்குள் அடங்க வேண்டியிருந்தது. 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அது வெளியானபோது அதன் நாடா நான்கு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமே கொண்டிருந்தது, நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் நகர்ந்தது. ஒலிப்பதிவுக் கூடங்களில் நாடா நொடிக்கு 38 செ.மீ. ஓடிக்கொண்டிருந்த காலம் அது. மெதுவாக ஓடும் ஒடுங்கிய நாடாவில் இரைச்சல் மிகும், உச்ச ஒலி மங்கும். பேச்சைப் பதியத்தான் இது உதவும் என்று எண்ணினார்கள். அளவுகோல் ஒலித்தரம் மட்டும் என்றால் கேசட் பிறந்த அன்றே இறந்திருக்க வேண்டும்.

அது வாழ்ந்ததற்கு இரண்டு காரணங்கள் முக்கியமானவை. அளவுகளை மாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு, உரிமத்தொகை வாங்காமல் மற்ற நிறுவனங்களும் இதைச் செய்து விற்க பிலிப்ஸ் ஒப்புக்கொண்டது. சோனியின் நோரியோ ஓகா விடாமல் வற்புறுத்தியது இதற்குப் பின்னால் இருந்தது. அதனால் ஜப்பானில் பதிந்த கேசட் ஜெர்மனியிலும் ஓடியது, திருச்சியிலும் ஓடியது. இரண்டாவது காரணம் பதிவுப் பொத்தான். அதுவரை கேட்பவராக மட்டும் இருந்தவர் கைக்கு ஒலியைப் பதியும் அதிகாரம் வந்தது. இந்த அதிகாரத்தின் மதிப்பை எந்த ஆய்வகக் கருவியும் அளந்து சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் இதன் விளைவு எத்தனை ஆழமாக இறங்கியது என்பதை 1980-களில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். இசைத்தட்டு அச்சிடத் தொழிற்சாலை வேண்டும். இந்தியாவில் அந்தத் தொழில் நெடுங்காலம் எச்.எம்.வி. பெயரில் விற்ற கிராமஃபோன் கம்பெனி ஒன்றின் கையில்தான் பெரும்பாலும் இருந்தது. கேசட்டைப் படியெடுக்க ஒரு சின்னக் கடை போதும். ஊருக்கு ஊர் ‘ரெக்கார்டிங் சென்டர்’ திறந்தார்கள். பிடித்த பாட்டுகளின் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்தால், 60 அல்லது 90 நிமிட வெற்றுக் கேசட்டில் வரிசையாகப் பதிந்து, உறையில் பாட்டுகளின் முதலடியை எழுதிக் கொடுப்பார்கள். ஏ பக்கம் முழுக்க இளையராஜாவின் சோகப் பாட்டு, பி பக்கம் முழுக்கக் காதல் பாட்டு என்று ஒவ்வொருவரும் தனக்கான தொகுப்பைத் தானே வகுத்துக்கொண்டார்கள். அம்மன் பாட்டும், நாகூர் ஹனீபாவின் பாட்டும், மேடைப் பேச்சும், பட வசனமும் இதே வழியில் பரவின. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் வானொலியும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன் வாங்கி வந்தார்கள். கடிதம் எழுதத் தெரியாத தாய் தன் குரலைப் பதிந்து மகனுக்கு அனுப்ப முடிந்தது. நாடா சிக்கியது, அறுந்தது, ஒலி தேய்ந்தது. பென்சிலைச் செருகிச் சுற்றிவிட்டு மறுபடியும் கேட்டார்கள். இதில் இசையமைப்பாளரும் பாடகரும் இழந்த வருமானம் பெரிது, அந்த அநீதியை மறைத்துப் பேசக் கூடாது. ஆயினும் ஒரு கருவியை மக்கள் தமதாக்கிக்கொள்வது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியவில்லை. வடஇந்தியாவில் நடந்த இதே மாற்றத்தை இசையியலாளர் பீட்டர் மானுவல் 1993-இல் ஒரு முழு நூலாகவே எழுதினார்.

கேசட்டின் குறையைச் சரிசெய்கிறேன் என்று 1976-இல் சோனி, மாட்சுஷிடா, டியாக் ஆகியவை ‘எல்கேசட்’டைக் கொண்டுவந்தன. நாடா அகலம் 6.3 மி.மீ., வேகம் இரு மடங்கு. ஒலி சந்தேகத்துக்கு இடமின்றிச் சிறந்தது. ஆனால் அதற்குள் டால்பி இரைச்சல் குறைப்பும் குரோமியம் டைஆக்ஸைடு நாடாவும் வந்து, சாதாரணக் கேசட்டே பெரும்பாலோருக்குப் போதுமான தரத்தை எட்டியிருந்தது. எல்கேசட்டில் பதிந்த பாட்டுகள் கடையில் இல்லை. காரில் போட முடியாது. நண்பர் வீட்டில் போட முடியாது. 1980-க்குள் கைவிட்டார்கள். மீந்த சரக்கு பின்லாந்தில் மலிவு விலைக்குத் தள்ளிவிடப்பட்டது.

1979 ஜூலையில் சோனி கொண்டுவந்த வாக்மேன் இன்னும் ஆச்சரியமானது. செய்தியாளர்களுக்கென்று இருந்த சிறிய பதிவுக் கருவியிலிருந்து பதிவுப் பொத்தானையும் ஒலிபெருக்கியையும் எடுத்துவிட்டு, எடைகுறைந்த ஹெட்போனைச் சேர்த்தார்கள். பதிய முடியாத டேப் ரெக்கார்டரை யார் வாங்குவார்கள் என்று நிறுவனத்துக்குள்ளேயே சந்தேகம் இருந்தது. முதலில் செய்த 30,000 கருவிகளும் ஆகஸ்ட் முடிவதற்குள் தீர்ந்தன. ஏறத்தாழ 20 கோடி கேசட் வாக்மேன்கள் பின்னர் விற்றன. பேருந்திலும் தெருவிலும் தனக்கான பாட்டை யாருக்கும் தொல்லையின்றிக் கேட்கலாம். அதற்கு முன் எந்தக் கருவியும் அந்த வாய்ப்பை இவ்வளவு எளிதாகத் தந்ததில்லை.

1982-இல் வந்த சி.டி. ஒலித்தரத்தின் வெற்றி என்று பலரும் சொல்வார்கள். பாதி சரி. தரம் உயர்ந்தது யார் காதுக்கும் தெரிந்தது. தட்டின் பொரிச்சலும் நாடாவின் இரைச்சலும் அடங்கின. ஆனால் அதே சி.டி.யில் வேண்டிய பாட்டுக்கு ஒரே பொத்தானில் தாவலாம், பக்கம் திருப்ப வேண்டாம், முள் தேயாது, கேட்கக் கேட்கத் தட்டு தேயாது. தரமும் வசதியும் ஒரே வட்டில் சேர்ந்து வந்தபோது மக்கள் தயங்கவில்லை. முதல் கருவியின் விலை 168,000 யென். ஆனால் சில ஆண்டுகளில் விலை இறங்கியது. அமெரிக்காவில் 1988-இலேயே சி.டி. விற்பனை எல்.பி.யைத் தாண்டிவிட்டது.

சில கருவிகளை மக்கள் நிராகரித்தார்கள் என்றே சொல்லக் கூடாது. அவர்கள் முன்னால் அவை ஒழுங்காக வைக்கப்படவே இல்லை. 1987-இல் வந்த டி.ஏ.டி. என்னும் எண்முறை நாடா சி.டி.க்கு இணையான தரத்தில் வீட்டிலேயே பதியும் ஆற்றல் கொண்டது. அதைக் கண்டு அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் அஞ்சின. படியெடுப்பதைத் தடுக்கும் ஏற்பாடு இல்லாமல் விற்கக் கூடாது என்று போராடின. வழக்கு, பேச்சுவார்த்தை, சட்டமன்றம் என்று ஆண்டுகள் ஓடின. 1992-இல் சட்டம் நிறைவேறியபோது வீட்டுச் சந்தை கைநழுவியிருந்தது. ஒலிப்பதிவுக் கூடங்களில் மட்டும் டி.ஏ.டி. பல ஆண்டுகள் உழைத்தது.

மினிடிஸ்க்கின் கதை இடத்துக்கு இடம் வேறு. 1992-இல் சோனி கொண்டுவந்த அந்தச் சிறிய வட்டு அமெரிக்காவில் வேரூன்றவில்லை. ஜப்பானில் பத்தாண்டுகளுக்கு மேல் இளைஞர்களின் கையில் இருந்தது. அங்கே சி.டி.களை வாடகைக்குத் தரும் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. மாலையில் வாடகைக்கு எடுத்து, இரவில் மினிடிஸ்க்கில் பதிந்து, மறுநாள் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரே கருவி, ஒரே ஒலி. சுற்றியிருந்த வாழ்க்கை வேறு என்பதால் விளைவும் வேறாயிற்று. நுகர்வோர் என்று உலகம் முழுவதற்கும் ஒரே முகம் வரைகிற சந்தை ஆய்வுகள் இந்த உதாரணத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன.

காதின் வரம்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். சி.டி.யைவிட நுண்ணிய ஒலி என்று 1999-இல் எஸ்.ஏ.சி.டி.யும் 2000-இல் டி.வி.டி.-ஆடியோவும் வந்தன. 2007-இல் மேயர், மோரன் என்னும் இரு ஆய்வாளர்கள், இந்த உயர்தரப் பதிவுகளை ஒருமுறை நேரடியாகவும், ஒருமுறை சி.டி. தரத்துக்குக் குறுக்கியும் கேட்கவைத்து, வேறுபாடு தெரிகிறதா என்று சோதித்தார்கள். 554 முறை நடந்த சோதனையில் சரியான விடைகள் பாதிதான். நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலும் அவ்வளவு வரும். 2016-இல் ஜோஷுவா ரைஸ் இப்படிப்பட்ட 18 ஆய்வுகளைத் தொகுத்து, 12,500-க்கும் மேற்பட்ட சோதனைகளைக் கணக்கிட்டபோது சரியான விடை 52.3 சதவீதம் என்று கண்டார். பயிற்சி பெற்றவர்களிடம் இது உயர்ந்தது. ஆக, வேறுபாடு அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வேறுபாட்டைப் பிடிக்கப் பயிற்சியும் அமைதியான அறையும் வேண்டும். மின்விசிறி சுற்றும் அறையில், குக்கர் விசிலுக்கும் தெருச் சத்தத்துக்கும் நடுவில் கேட்பவருக்கு அது எப்படி எட்டும்?

மறுபுறம், ஜெர்மனியின் பிரவுன்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் வளர்த்த எம்.பி.3, காது எதைக் கவனிக்காது என்பதை ஆராய்ந்து அதை நீக்கியது. சி.டி.யில் நொடிக்கு 1,411 கிலோபிட் தேவைப்பட்ட ஒலி 128-இல் அடங்கிற்று. தரம் குறைந்ததுதான், கூர்ந்து கேட்டால் தெரியும். பதிலுக்குக் கிடைத்தது ஒரு முழு அலமாரியைச் சட்டைப்பையில் வைக்கும் வசதி. 2001 அக்டோபரில் ஐபாட் 399 டாலருக்கு 1,000 பாட்டுகள் என்று வந்தது. பாடகர் நீல் யங் இந்தத் தரக்குறைவைப் பொறுக்காமல் ‘போனோ’ கருவிக்காக 2014-இல் மக்களிடம் நிதி கேட்டபோது 60 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. அவருடைய ஆதங்கம் நேர்மையானது; அதை நான் மதிக்கிறேன். ஆனால் கையில் ஏற்கெனவே திறன்பேசி இருப்பவரிடம், இன்னொரு கருவியை வாங்கு, பாட்டுகளையெல்லாம் மறுபடி காசு கொடுத்து வாங்கு என்று போனோ கேட்டது. 2017-இல் முடிந்துபோனது.

இதுவரை சொன்னதற்கு எதிராக ஒரு வலுவான கேள்வி உண்டு. சிரமத்தைக் குறைப்பதே வெல்லும் என்றால், துடைத்து, முள் வைத்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து திருப்ப வேண்டிய வினைல் தட்டு ஏன் மீண்டும் விற்கிறது? 2022-இல் அமெரிக்காவில் 4.1 கோடி வினைல் தட்டுகள் விற்றன, சி.டி. 3.3 கோடி. எண்ணிக்கையில் வினைல் முந்தியது 1987-க்குப் பின் அதுவே முதல்முறை. லூமினேட் நிறுவனத்தின் கணக்கெடுப்பு ஒன்றில், அண்மையில் வினைல் வாங்கியவர்களில் பாதிப் பேரிடம்தான் தட்டைச் சுழற்றும் கருவியே இருந்தது. அப்படியென்றால் இங்கே ஒலியை மட்டும் வாங்குகிறார்கள் என்று சொல்ல முடியாது. எல்லாப் பாட்டும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கணினியிலிருந்து ஓடி வரும் காலத்தில், தன்னுடையது என்று கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருள் வேண்டியிருக்கிறது. பாட்டு கேட்பதற்கு வேறு வழி இருப்பதால் இந்தச் சிரமம் விருப்பமாகிறது. வேறு வழியே இல்லாதபோது இதே சிரமத்திலிருந்து தப்பிக்கத்தான் அவர்களுடைய பெற்றோர் சி.டி.க்கு மாறினார்கள்.

இந்தியாவுக்குள் இரண்டு அனுபவங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2000-ஆம் ஆண்டு ஆசியாஸ்டார் செயற்கைக்கோளை ஏவி வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனம் வானொலி நடத்தியது. அதன் ‘ஸ்ருதி’ அலைவரிசையில் விளம்பரமின்றிக் கர்நாடக இசை நாள் முழுவதும் ஒலித்தது. கேட்டவர்கள் அதை இன்றும் ஏக்கத்தோடு நினைவுகூர்கிறார்கள். ஆனால் தனி ரிசீவர், அதற்குச் சந்தா, செயற்கைக்கோள் இருக்கும் திசை பார்த்து ஜன்னலோரம் வைக்க வேண்டிய ஆண்டெனா என்று அது நிறையக் கேட்டது. நிறுவனம் கடனில் மூழ்கி, 2009 டிசம்பர் 31-ஆம் நாள் இந்தியாவில் ஒலிபரப்பு நின்றது. காசு கொடுத்து வாங்கிய ரிசீவர்கள் ஊமையாயின. 2017-இல் சரிகம நிறுவனம் கொண்டுவந்த ‘கார்வான்’ தொழில்நுட்பத்தில் எந்தப் புதுமையும் இல்லாதது. பழைய டிரான்சிஸ்டர் போன்ற பெட்டி, அதற்குள் முன்கூட்டியே ஏற்றிய 5,000 பாட்டுகள், திருப்புவதற்கு ஒரு குமிழ். தமிழ்ப் பாட்டுகளோடும் வந்தது. இணையம் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், பேரனைக் கூப்பிட வேண்டாம். வயதானவர்களுக்கு வாங்கிக் கொடுக்கும் பொருளாக அது வீடு வீடாகப் போனது. திறன்பேசியில் கோடிக்கணக்கான பாட்டுகள் இருந்தும் கேட்க முடியாமல் இருந்த ஒரு தலைமுறைக்கு அது பாட்டைத் திருப்பிக் கொடுத்தது.

இழப்பற்ற ஒலி என்னும் உயர்தர ஒலிக்கும் இதே வழிதான் கடைசியில் திறந்தது. தனிக் கட்டணம் கேட்டவரை அது சிறு வட்டத்தில் நின்றது. 2021 ஜூனில் ஆப்பிள் அதைக் கூடுதல் கட்டணமின்றித் தன் எல்லாச் சந்தாதாரர்களுக்கும் கொடுத்தது. 2025-இல் ஸ்பாட்டிஃபையும் கட்டணம் செலுத்துவோருக்குச் சேர்த்தது. ஆப்பிள் அறிவித்தபோது அதன் சொந்த ஏர்பாட்ஸிலேயே, புளூடூத் வழியாக அந்த ஒலி இழப்பின்றி வந்து சேரவில்லை.

ஆகாசவாணி இப்போது இந்தப் பாடத்தைக் கவனிக்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. சென்னை உட்பட நாடு முழுவதும் 30-க்கும் மேற்பட்ட மத்திய அலை ஒலிபரப்பிகளில் டி.ஆர்.எம். என்னும் எண்முறை வானொலி நிறுவப்பட்டிருக்கிறது. ஒலி தெளிவானது, பரப்பு பெரிது, மின்சாரச் செலவு குறைவு. அதைக் கேட்கும் வசதி பல புதிய கார்களில் இருக்கிறது. வீட்டுக்கு வாங்கலாம் என்று கடைக்குப் போனால் ரிசீவர் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் சாதாரண ரேடியோவைவிடப் பல மடங்கு விலை. ஒலிபரப்பிக்குச் செலவிட்ட அக்கறையில் ஒரு பங்காவது ரிசீவருக்குப் போக வேண்டும். சில நூறு ரூபாய் விலையில், ஒரு குமிழைத் திருப்பினால் பாடும் பெட்டியாக அது ரேஷன் கடை இருக்கும் ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தால்தான் போட்ட பணத்துக்குப் பயன் உண்டு. அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, வானொலி கேட்க மக்களுக்கு ஆர்வமில்லை என்று நாளை யாரும் அறிக்கை எழுதக் கூடாது.